பாலிஷில் போகும் சேதாரம்

சென்னை உஸ்மான் ரோட்டு நகைக்கடையில் பழைய சங்கிலியைப் பாலிஷுக்குக் கொடுப்பவர்கள், கொடுக்கும்போது ஒரு எடை, வாங்கும்போது ஒரு எடை பார்க்காமல் நாற்காலியை விட்டு எழுந்திருக்க மாட்டார்கள். அதே குடும்பம் காரை பஃபிங்குக்கு விடும்போது கேட்பது ஒன்றே ஒன்று: “புதுசு மாதிரி ஆயிடுமா?” எவ்வளவு பெயின்ட் குறையும் என்று கேட்பதில்லை. செய்கூலி பேசப்படுகிறது, சேதாரம் பேசப்படுவதில்லை.

சேதாரம் இருக்கிறது. இன்றைய கார்களில் தகரத்துக்கு மேல் பிரைமர், அதற்கு மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேல் கிளியர் கோட் என்னும் நிறமற்ற படலம். எல்லாம் சேர்ந்து பெரும்பாலும் 100 முதல் 150 மைக்ரான். கிளியர் கோட் மட்டும் என்றால் சுமார் 40 முதல் 50 மைக்ரான், அதாவது தலைமுடி ஒன்றின் கனத்தைவிடக் குறைவு. கீறலைப் ‘போக்குவது’ என்பதற்கு அர்த்தம், கீறலின் அடிமட்டம் வரை சுற்றியுள்ள கிளியர் கோட்டையும் இழைத்து இறக்குவதுதான். நகத்தால் குறுக்கே தடவும்போது நகம் மாட்டினால் அந்தக் கீறல் ஆழமானது. அதை இழைத்து எடுக்க நினைத்தால் படலமே போய்விடும். மாட்டாத மெல்லிய கோடுகள்தான் பஃபிங்குக்கு உரியவை. படலம் ரொம்ப மெலிந்துவிட்டால், நாலைந்து சித்திரை வெயிலில் கூரையும் பானெட்டும் வெளுத்து, தோல் உரிவதுபோல் உரியும்.

அந்தக் கோடுகள் எங்கிருந்து வருகின்றன? மந்தைவெளியிலோ அடையாறிலோ ஏதாவது ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தின் கார் நிறுத்துமிடத்தில், காலை ஐந்தரை மணிக்குப் போய் நின்றால் தெரியும். ஒரு வாளி, ஒரு துணி, பன்னிரண்டு கார். முதல் காருக்குத் தெளிந்த தண்ணீர், ஐந்தாவது காருக்குக் காபி நிறம். மயிலாப்பூர், ஆழ்வார்பேட்டை, பனகல் பார்க், அடையாறு என்று மெட்ரோ இரண்டாம் கட்டப் பணிக்குத் தோண்டிய மண், ராத்திரி முழுக்க காரின் மேல் படிந்திருக்கும். அதன்மேல் ஈரத்துணியை வட்டமாகத் தேய்த்தால், உப்புத்தாளால் மெதுவாகத் தேய்த்ததற்குச் சமம். பத்து மணி வெயிலில் பானெட்டின் மேல் சூரியனைச் சுற்றிச் சிலந்தி வலை பின்னியதுபோல் தெரிகிறதே, அது இந்த வாளியின் கைங்கரியம். போர்வெல் தண்ணீர் காய்ந்து விடும் வெள்ளைப் புள்ளி, பறவை எச்சம், ஆயுத பூஜைக்கு வைத்து மாதக்கணக்கில் துடைக்காமல் விட்ட சந்தனக் குங்குமம் எல்லாம் கூடவே சேரும்.

இதைச் சரிசெய்யத்தான் பஃபிங் மெஷின். அதில் இரண்டு ஜாதி. ரோட்டரி என்பது ஒரே அச்சில் சுற்றும். டூயல் ஆக்‌ஷன் என்பது சுற்றிக்கொண்டே அங்குமிங்கும் ஊசலாடும். ஊசல் 8 மில்லிமீட்டரும் உண்டு, இத்தாலியின் ரூபெஸ் நிறுவனம் பிரபலமாக்கிய 21 மில்லிமீட்டரும் உண்டு. வித்தியாசத்தைப் புரிந்துகொள்ள சமையலறைக்குப் போனால் போதும். இட்லி மாவை மிக்ஸியில் அரைத்தால் சட்டென்று முடியும், மாவு சூடாகும். கிரைண்டரில் நேரமாகும், சூடேறாது. ரோட்டரி மிக்ஸி. வெட்டும் வேகமும் அதிகம், ஓரிடத்தில் சேரும் சூடும் அதிகம். டூயல் ஆக்‌ஷனில் தன்பாட்டுக்குச் சுற்றும் வகை, அழுத்திப் பிடித்தால் சுற்றுவதையே நிறுத்திக்கொள்ளும்; தவறு செய்பவரை அது மன்னிக்கும். ரோட்டரி மன்னிக்காது.

எண்ணிப் பார்த்தால் இன்னும் தெளிவாகும். மெஷினில் மாட்டும் 180 மில்லிமீட்டர் பேடு நிமிடத்துக்கு 3,000 சுற்று சுற்றும்போது அதன் விளிம்பு ஓடுவது மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேல். அதுவே 600 சுற்றில் 20 கிலோமீட்டர். கடைக்காரர் வாட்டையும் உச்ச வேகத்தையும்தான் அளப்பார். வாங்குகிறவர் கேட்க வேண்டியது, இந்த மெஷின் எவ்வளவு மெதுவாகச் சுற்றும் என்பதை. 600, 700 சுற்றில் நிதானமாகத் தொடங்குகிற மெஷின்தான் வேலைக்கு ஆகும். 1,500 சுற்றுக்குக் கீழே இறங்காத மெஷின் சுவிட்சைத் தட்டியதும், பேடில் தடவிய கம்பவுண்ட் என்னும் தேய்ப்புப் பசையைச் சுவரெல்லாம் தெளிக்கும்.

அடுத்தது, அழுத்தும்போது வேகம் தளராமல் காக்கும் மின்னணுக் கட்டுப்பாடு. விலை மலிந்த மெஷின்களில் இது இருக்காது: அழுத்தினால் திணறும், கையைத் தளர்த்தினால் பாயும். பிறகு எடை. கதவில் பக்கவாட்டாக அரைமணி நேரம் பிடித்தால் இரண்டு கிலோவுக்கும் மூன்று கிலோவுக்கும் உள்ள தூரம் தோள்பட்டைக்குத் தெரியும். பேடு மாட்டும் தண்டு எம்14 மரையாக இருந்தால் பிளேட்டுகள் சுலபமாகக் கிடைக்கும். கார்பன் பிரஷ் தேய்ந்தால் மாற்றுவதற்குக் கிடைக்குமா என்பதையும் வாங்கும்போதே கேட்டுவிடுவது நல்லது. பாஷ், மக்கிட்டா, டிவால்ட் போன்றவற்றை நம்பி வாங்குவதற்குப் பாதிக் காரணம் இந்த உதிரிபாகம்தான். இன்னொன்று பிளக். 1,200 வாட் மெஷின் 230 வோல்ட்டில் ஐந்து ஆம்பியருக்கு மேல் இழுக்கும். மூன்றாம் மாடி பால்கனியின் சின்ன பிளக்கிலிருந்து ஒல்லி ஒயரில் கீழே இறக்கினால் ஒயர்தான் சூடாகும்.

ஒரு விபரீதப் பழக்கமும் உண்டு. இரும்பு அறுக்கும் நான்கு அங்குல ஆங்கிள் கிரைண்டரில் பஞ்சை மாட்டி “இதுவும் சுத்துது, அதுவும் சுத்துது” என்று பட்டறைகளில் இறங்கிவிடுவார்கள். அது நிமிடத்துக்கு ஏறத்தாழ 11,000 சுற்று. பஞ்சின் விளிம்பு மணிக்கு 200 கிலோமீட்டரைத் தாண்டும். பெயின்ட் எரியும், பஞ்சும் பிய்ந்து பறக்கும்.

கிரைண்டர் என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. 1954இல் அதிவேக ஆங்கிள் கிரைண்டரைக் கொண்டுவந்தது ஜெர்மனியின் ஃபிளெக்ஸ் நிறுவனம். ஜெர்மானியர்கள் கிரைண்டரால் அறுப்பதற்கே ‘ஃபிளெக்ஸன்’ என்கிறார்கள். நாம் நகலெடுப்பதை ஜெராக்ஸ் என்பதுபோல. நம் டிங்கரிங் பட்டறைகளில் பழைய ஆட்கள் சொல்லும் ‘டூக்கோ’வும் அப்படித்தான். 1920களில் டூபாண்ட் நிறுவனம் ஜெனரல் மோட்டார்ஸுடன் சேர்ந்து கொண்டுவந்த, சீக்கிரம் காயும் பெயின்ட்டின் பெயர் அது. அந்தக் காலப் பெயின்ட்டுகளில் கிளியர் கோட் கிடையாது. பழைய அம்பாசிடரையோ, சென்னைப் புறநகரில் தயாரான ஸ்டாண்டர்ட் ஹெரால்டையோ அசல் பெயின்ட்டோடு வைத்திருப்பவர் பஃபிங் செய்தால், பேடில் காரின் நிறமே ஒட்டிக்கொண்டு வரும். பயப்பட வேண்டியதில்லை, ஆனால் குறைவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். புதிய காரில் பேடு நிறம் மாறினால்தான் வயிற்றைக் கலக்க வேண்டும்: கிளியர் கோட் முடிந்து நிறத்துக்குள் இறங்கியாயிற்று.

கை தேர்ந்தவர் வேலையைப் பார்த்தாலே தெரியும். கார் நிழலில் இருக்கும், தகரம் கைக்குக் குளிர்ந்திருக்கும். முனைக் கோடுகள் மேல் மாஸ்கிங் டேப், ஏனென்றால் விளிம்பில் பெயின்ட் மெலிவு, சூடு சட்டென்று ஏறும். பேடில் நாலு பட்டாணி அளவு கம்பவுண்ட், இரண்டடிக்கு இரண்டடி இடம், 600 சுற்றில் பரப்பி 1,200, 1,500க்கு ஏற்றுவார். பேடு ஒரு விநாடிகூட நிற்காது. இடக்கையால் அவ்வப்போது தகரத்தைத் தொட்டுப் பார்ப்பார், அம்மா குழந்தையின் நெற்றியைத் தொடுவதுபோல. பிளாஸ்டிக் பம்பரில் இன்னும் ஜாக்கிரதை. அது சூட்டைக் கடத்தாமல் தன்னிடமே வைத்துக்கொள்ளும். முடித்ததும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தெளித்துத் துடைத்து, எல்.இ.டி. விளக்கடியில் சாய்த்துப் பார்ப்பார். இந்தத் துடைப்பு இல்லையென்றால் கம்பவுண்டின் எண்ணெய்ப் பசை கோடுகளை மூடிக்கொண்டு பளபளக்கும். நாலு முறை கழுவியதும் சாயம் வெளுக்கும். ரோட்டரி விட்டுச்செல்லும் நீள நிழல்களை, கறுப்புக் காரில் கண்ணில் அறையும் ‘ஹோலோகிராம்’களை, டூயல் ஆக்‌ஷனால் கடைசியாக ஒரு கை பார்த்து அழிப்பவரே முழு வேலைக்காரர்.

ஆகவே சொந்தக் காருக்கு மட்டும், வருஷத்துக்கு ஒருமுறை என்றால் டூயல் ஆக்‌ஷனே போதும். கடை வைத்திருப்பவருக்கும், மோசமாகக் கோடு விழுந்த கார்களைத் தினமும் எடுப்பவருக்கும் ரோட்டரி தேவை. ஆசைப்பட்டு ரோட்டரி வாங்குகிற வீட்டுக்காரர், முதலில் புதுப்பேட்டையில் உடைத்த கார்களின் பழைய பானெட் ஒன்றை வாங்கிவந்து, பெயின்ட் எந்த நொடியில் எரிகிறது என்று எரித்தே பார்த்துக்கொள்ளலாம். கடைக்கு விடுகிறவர், பெயின்ட் கனம் பார்க்கும் மீட்டர் இருக்கிறதா என்று கேட்டு, வேலைக்கு முன்னும் பின்னும் கூரையிலும் பானெட்டிலும் வைத்துப் பார்க்கச் சொல்லலாம். நகைக்கடைத் தராசு செய்வதைத்தான் அது செய்கிறது.

மறுநாள் காலை ஐந்தரைக்கு அதே வாளி வரும். முந்தின நாளே துடைக்கிறவரிடம் தனியாக இரண்டு மைக்ரோஃபைபர் துணி கொடுத்து, “தண்ணி ஊத்தி மண்ணு இறங்கினப்புறம் துடைங்கண்ணே; தண்ணி இல்லாத நாள்ல தூசியோடவே விட்டுடுங்க” என்று சொல்லி வைத்துவிட வேண்டும்.