சாணி போட்ட குட்டையில் மீன் எதைத் தின்னு வளருது?

பண்ணைக்குட்டையில் மீன் விட்டிருக்கும் நண்பர்களிடம் கேட்டால், "சாணி போடுறோம், மீன் அதைத் தின்னு வளருது" என்பார்கள். அது சரிதானா? மீன் வயிற்றைக் கிழித்துப் பார்த்தால் அன்றைக்குத் தின்றது மட்டும்தான் தெரியும். எது செரித்துச் சதையானது என்பது தெரியாது. அதைக் காட்டிக் கொடுப்பதுதான் ஐசோடோப்பு ஆய்வு.

கார்பன் அணுவில் சுமார் 99 சதவீதம் எடை 12 உள்ளது. மீதி ஒரு சதவீதம் எடை 13. நைட்ரஜனிலும் இப்படி 14, 15 என்று இரண்டு வகை. இவை கதிர்வீச்சு இல்லாத நிலையான அணுக்கள், பயப்பட வேண்டாம். மக்காச்சோளம், சோளம், கரும்பில் கார்பன் 13 சற்றுக் கூடுதல், நெல்லில் குறைவு. மாடு சோளத்தட்டை தின்றால் சாணியிலும் அந்த அடையாளம் இருக்கும். குட்டைப் பாசியின் அளவு வேறு. ஆக, மீன் சதையை அளந்தால் கார்பன் எங்கிருந்து வந்தது என்று தெரிந்துவிடும்.

நைட்ரஜன் 15 வேறொரு கணக்கு சொல்லும். பாசியைப் பூச்சி தின்ன, பூச்சியை மீன் தின்ன, ஒவ்வொரு படியிலும் அது ஆயிரத்துக்கு 3 முதல் 4 வரை கூடும். யார் யாரைத் தின்றார்கள் என்று இதை வைத்தே எண்ணிவிடலாம்.

இஸ்ரேலில் 1980-களில் எரு இட்ட மீன்குளங்களில் இப்படி அளந்தார்கள். மீன் வளர்ச்சிக்குப் பெரிதும் உதவியது, குளத்தில் தானாக விளைந்த பாசியும் அதைச் சார்ந்த சிற்றுயிர்களும்தான் என்று தெரிந்தது.

நிலத்தில் செடிக்கு உரம் போடுவதில்லை, மண்ணுக்குத்தான் உணவு தருகிறோம் என்று சொல்வோமே, குட்டையிலும் அதே கதைதான். சாணி மீனுக்கு இல்லை, தண்ணிக்கு. வெயில் இருந்தால்தான் அது பாசியாகும். அதனால் மொத்தமாகக் கொட்டாமல் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்து விடுங்கள். முழங்கை வரை கையை நீரில் விடுங்கள். அதற்குள் உள்ளங்கை மறைந்துவிட்டால் சாணியை நிறுத்துங்கள். மீறினால் விடியற்காலையில் ஆக்சிஜன் குறைந்து மீன் மேலே வந்து வாய் பிளக்கும்.

இன்னொன்று. காற்றிலிருந்து செய்த யூரியாவில் நைட்ரஜன் 15 குறைவு, மாட்டெருவில் அதிகம். நம்ம எருக்குழி கசிந்து ஓடைக்குப் போனாலும் அங்குள்ள பாசியும் மீனும் அதைச் சொல்லிவிடும். இயற்கை உரம்தானே என்று அலட்சியம் வேண்டாம். எருக்குழிக்கு வரப்பு கட்டுங்கள்.