பட்டாளத்துக்கு ஓடும் பிள்ளைக்கு முதலில் ஒரு பரிசோதனை



விடியற்காலையில் சிதம்பரம் - புவனகிரி சாலையில் பசங்க கும்பலாக ஓடுவதைப் பார்த்திருப்பீர்கள். கடலூரில் தேவனாம்பட்டினம் சில்வர் பீச் பக்கம் போனாலும் இதே காட்சிதான். பட்டாளத்தில் சேர வேண்டும், போலீசில் சேர வேண்டும் என்று ஓடுகிற பிள்ளைகள். அதில் நம் குழு உறுப்பினர்களின் பிள்ளைகளும் இருக்கிறார்கள். இப்போது பெண் பிள்ளைகளும் ஓடுகிறார்கள். பயிற்சி மையத்துக்குப் பணம் கட்ட, ஷூ வாங்க, பல தாய்மார்கள் குழுவில் உள்கடன் வாங்கியிருக்கிறார்கள்.

கடன் கொடுக்கும்போது "எப்போது திருப்பிக் கட்டுவீர்கள்?" என்று கேட்கிறோம். "பிள்ளைக்கு உடம்பு நல்லா இருக்கா, டாக்டரிடம் காட்டினீர்களா?" என்று யாரும் கேட்பதில்லை. நாங்களும் கேட்டதில்லை. ஏன் கேட்க வேண்டும் என்பதை ஒரு அனுபவம் எங்களுக்குக் கற்றுக் கொடுத்தது.

நாங்கள் செய்த தவறு

சிதம்பரம் பக்கம் ஒரு குழு. கூட்டம் முடிந்து கிளம்பும்போது ஒரு உறுப்பினர் சொன்னார்: "புள்ள ஓடும்போது மயங்கி விழுந்துட்டான் மேடம். வெறும் வயித்துல ஓடுனான், அதான்." நாங்களும் "ஒரு வாழைப்பழம் கொடுத்து அனுப்புங்க அக்கா" என்று சொல்லிவிட்டு பஸ் பிடித்து வந்துவிட்டோம்.

இரண்டு மாதம் கழித்து அந்தப் பையன் மறுபடி விழுந்தான். இந்த முறை வாழைப்பழம் சாப்பிட்டுவிட்டுத்தான் ஓடியிருக்கிறான். அப்போதுதான் எங்களுக்குப் பயம் வந்தது. ஆரம்ப சுகாதார நிலையத்துக்கு அழைத்துப் போனோம். டாக்டர் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டார். அம்மாவைப் பார்த்து, "சின்ன வயசுல காய்ச்சலோட மூட்டு வீங்கி வலிச்சுதா?" என்றார்.

"ஆமாங்க சார். ஆறாவது படிக்கும்போது. முட்டி, கணுக்கால்னு மாறி மாறி வலிச்சுது. வளர்ற வயசுன்னு விட்டுட்டோம்."

பெரிய மருத்துவமனையில் எக்கோ எடுத்தார்கள். இதயத்தில் ஒரு வால்வு பழுதாகியிருந்தது. சின்ன வயதில் தொண்டைப்புண் வந்து, சரியாக வைத்தியம் செய்யாமல் விட்டால், சில பிள்ளைகளுக்கு மூட்டுவலிக் காய்ச்சல் வரும். மூட்டு வலி போய்விடும், ஆனால் இதய வால்வைக் கெடுத்துவிட்டுப் போகும். வெளியே ஒன்றும் தெரியாது. வேகமாக ஓடும்போதுதான் தெரியும்.

அந்தப் பையனுக்கு இப்போது மூன்று வாரத்துக்கு ஒருமுறை பென்சிலின் ஊசி போடுகிறார்கள். பட்டாளக் கனவு போய்விட்டது. அதற்காக அம்மா அழுதார். அவனும் ஒரு மாதம் யாரோடும் பேசவில்லை. ஆனால் பிள்ளை உயிரோடு இருக்கிறான். டி.என்.பி.எஸ்.சி. தேர்வுக்குப் படித்துக்கொண்டிருக்கிறான்.

முதலில் ஓட்டம், பிறகுதான் டாக்டர்

"பட்டாளத்திலேயே டாக்டர் பார்ப்பாங்களே, நாம எதுக்குப் பார்க்கணும்?" என்று பலர் கேட்கிறார்கள். பார்ப்பார்கள். ஆனால் வரிசையைக் கவனியுங்கள்.

2022 ஜூன் மாதம் அக்னிபத் திட்டம் வந்தது. 2023 முதல் முதலில் கம்ப்யூட்டரில் எழுத்துத் தேர்வு. அதில் தேறியவர்களை முகாமுக்கு அழைத்து ஓட விடுகிறார்கள். 1.6 கிலோமீட்டர் தூரம். ஐந்தரை நிமிடத்துக்குள் முடித்தால் முழு மதிப்பெண் 60. அடுத்து கம்பியில் தொங்கி எழுவது, 9 அடி பள்ளம் தாண்டுவது. பிறகு உயரம், மார்பளவு. இதெல்லாம் தேறிய பிறகுதான் ராணுவ டாக்டர் உடம்பைப் பார்ப்பார்.

அதாவது, உயிரைக் கொடுத்து ஓடுகிற அந்த ஐந்தரை நிமிடத்துக்கு முன்னால் முழுப் பரிசோதனை கிடையாது. முகாமில் கலந்துகொள்வது சொந்தப் பொறுப்பு, காயமோ உயிரிழப்போ ஏற்பட்டால் இழப்பீடு கிடையாது என்றும் ஆள்சேர்ப்பு அறிவிப்பிலேயே எழுதியிருக்கும். முகாமுக்கு முன்னால் மாதக்கணக்கில் ஓடுகிற பயிற்சிக்கும் இது பொருந்தும். அங்கேயும் டாக்டர் இல்லை.

இது வீண் பயம் இல்லை. 2024 ஆகஸ்ட் கடைசியில் ஜார்க்கண்ட் மாநிலத்தில் கலால் துறை காவலர் வேலைக்கு ஆள் எடுத்தார்கள். 10 கிலோமீட்டர் ஓட்டம். அதில் பத்துக்கும் மேற்பட்ட இளைஞர்கள் இறந்துபோனார்கள். தேர்வை மூன்று நாள் நிறுத்தினார்கள். காலை 9 மணிக்கு மேல் யாரையும் ஓட விடக்கூடாது என்று அந்த மாநில முதல்வர் சொன்னார். இறந்தவர்கள் எல்லாம் வேலை கிடைத்தால் குடும்பம் நிமிரும் என்று ஓடிய பிள்ளைகள்.

அமெரிக்கக் கடற்படையில் ஏற்கெனவே வேலையில் இருக்கும் வீரர்களுக்கே, உடற்தகுதித் தேர்வுக்கு முன்பு ஒரு கேள்வித்தாள் கொடுக்கிறார்கள். ஆபத்தான அறிகுறி ஒன்றுக்கு "ஆம்" என்று சொன்னால், டாக்டர் பார்த்த பிறகுதான் ஓட வேண்டும். அந்த மாதிரிக் கேள்விகளை நாமே வீட்டில் கேட்கலாம். காசு செலவில்லை.

அம்மா கேட்க வேண்டிய கேள்விகள்

1. ஓடும்போதோ ஓடி முடித்ததுமோ மயக்கம் வந்திருக்கிறதா? கண் இருட்டியதா?
2. ஓடும்போது நெஞ்சு வலி, நெஞ்சு அழுத்தம் உண்டா?
3. கூட ஓடுகிற பசங்களைவிட இவனுக்கு மட்டும் மூச்சு அதிகமாக வாங்குகிறதா? இரவில் இளைப்பு, வீசிங் உண்டா?
4. நெஞ்சு திடீரென்று படபடவென அடித்துக்கொள்கிறதா?
5. சின்ன வயதில் காய்ச்சலோடு மூட்டு வீக்கம் வந்ததா? இதயத்தில் ஓட்டை, சத்தம் என்று டாக்டர் எப்போதாவது சொன்னாரா?
6. வலிப்பு வந்திருக்கிறதா?
7. அப்பா வழியிலோ அம்மா வழியிலோ 50 வயதுக்குள் யாராவது திடீரென்று இறந்திருக்கிறார்களா?
8. கடந்த இரண்டு வாரத்தில் காய்ச்சல் வந்ததா?

முதல் நான்குக்கும் பிள்ளை பதில் சொல்ல வேண்டும். சொன்னால் ஓட விடமாட்டார்கள் என்று மறைப்பான். திட்டாமல், பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள். மற்ற கேள்விகளுக்குப் பதில் பெரும்பாலும் உங்களிடம்தான் இருக்கிறது. ஆறு வயதில் வந்த காய்ச்சல் பிள்ளைக்கு ஞாபகம் இருக்காது. சித்தப்பா முப்பத்தைந்து வயதில் வயலில் விழுந்து செத்தது "காத்து கருப்பு அடிச்சது" என்றுதான் அவனுக்குச் சொல்லியிருப்போம். டாக்டருக்கு அது முக்கியமான தகவல்.

ஒரு கேள்விக்கு "ஆமாம்" என்று வந்தாலும் ஓட்டத்தை நிறுத்திவிட்டு டாக்டரைப் பாருங்கள். எல்லாவற்றுக்கும் "இல்லை" என்றாலும், பயிற்சி ஆரம்பிக்கும் முன் ஒருமுறை காட்டுவது நல்லது.

எங்கே, என்ன பார்ப்பது?

ஆரம்ப சுகாதார நிலையத்தில் ரத்த அழுத்தம், சர்க்கரை, ரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவு பார்ப்பார்கள். டாக்டர் நெஞ்சைக் கேட்டுப் பார்ப்பார். "பட்டாளத்துக்கு ஓடப்போறான்" என்று சொல்லியே காட்டுங்கள். தேவைப்பட்டால் இ.சி.ஜி., எக்கோ எடுக்க கடலூர் தலைமை மருத்துவமனைக்கோ, அண்ணாமலை நகரில் உள்ள அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ எழுதிக் கொடுப்பார். இ.சி.ஜி. நன்றாக இருந்தாலும் மயக்கம் தொடர்ந்தால் மறுபடி காட்ட வேண்டும்.

பெண் பிள்ளைகளுக்கு ஹீமோகுளோபின் கட்டாயம் பாருங்கள். 12 கிராம் இருக்க வேண்டும். ஆண்களுக்கு 13. 2019-21 தேசிய குடும்ப நல ஆய்வில் தமிழ்நாட்டுப் பெண்களில் பாதிக்கு மேல், 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. ரத்தம் குறைந்த பிள்ளை எவ்வளவு பயிற்சி செய்தாலும் வேகம் வராது, இதயத்துக்கும் பாரம். சோம்பேறி என்று திட்டாதீர்கள். டாக்டர் தரும் இரும்புச்சத்து மாத்திரை, பூச்சி மாத்திரை, முருங்கைக்கீரை, முட்டை, கூடவே நெல்லிக்காய் கொடுங்கள். மாத்திரையோடு டீ வேண்டாம்.

பிறகு வருகிற ராணுவ மருத்துவப் பரிசோதனையில் காதில் அழுக்கு, சொத்தைப் பல், விரைவீக்கம், மூலம், தட்டைப் பாதம், நிறக்குருடு எல்லாம் பார்ப்பார்கள். காது, பல் போன்றவற்றை முன்கூட்டியே சரி செய்யலாம். நிறக்குருடு சரியாகாது. அதை முதலிலேயே தெரிந்துகொண்டால் இரண்டு வருட உழைப்பும் கடனும் மிச்சம்.

ஓடும் நாட்களில்

நம்முடையது கடற்கரை மாவட்டம். புழுக்கத்தில் வியர்வை காயாது, உடம்புச் சூடு இறங்காது. வெயிலுக்கு முன்பே ஓடி முடிக்க வேண்டும். புதிதாக ஓடுபவர்கள் இரண்டு வாரம் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் கூட்ட வேண்டும். தண்ணீர், உப்பு போட்ட நீர்மோர் குடிக்கட்டும். காய்ச்சல் வந்தால் முழுதும் தேறும்வரை ஓட்டம் வேண்டாம். காய்ச்சல் சமயத்தில் இதயத் தசையும் வீங்கியிருக்கலாம். தெம்பு மாத்திரை, ஊசி என்று யார் கொடுத்தாலும் வாங்கக் கூடாது. ஓடும்போது உளறினாலோ, உடம்பு நெருப்பாகச் சுட்டாலோ நிழலில் படுக்க வைத்து, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, 108-ஐ கூப்பிடுங்கள்.

கூட்டத்தில் பேசுங்கள்

அடுத்த குழுக் கூட்டத்தில் இந்த எட்டுக் கேள்வியையும் ஊக்குநர் சத்தமாகப் படிக்கட்டும். பயிற்சிக்குக் கடன் கேட்கும் உறுப்பினரிடம், பிள்ளையைப் பரிசோதனை செய்த சீட்டு இருக்கிறதா என்று கேட்பது என்று தீர்மான நோட்டில் எழுதுங்கள். கடனை மறுப்பதற்காக அல்ல, ஞாபகப்படுத்துவதற்காக.

அந்த அக்கா இப்போது எல்லாக் கூட்டத்திலும் சொல்கிறார்: "வளர்ற வலின்னு நினைச்சு விட்டுட்டேன். நீங்க விட்டுடாதீங்க." வேலை இன்று இல்லாவிட்டால் நாளை கிடைக்கும். பிள்ளையை முதலில் டாக்டரிடம் காட்டுங்கள், பிறகு ஓட விடுங்கள்.