அமிஷ் வேலியைத் தாண்டினால் என்ன ஆகும், தெரியுமா?

அமெரிக்காவிலேயே பிறந்து, அமெரிக்காவிலேயே வளர்ந்த ஒரு பையன். வயது பத்தொன்பது. வேலை கேட்டுப் போய் நிற்கிறான். 'நீ யாரென்று காட்டு' என்கிறார்கள். காட்டுவதற்குக் கையில் ஒரு துண்டுக் காகிதம்கூடக் கிடையாது! அவன் அகதியல்ல, எல்லை தாண்டி ஒளிந்து வந்தவனும் அல்ல. தலைமுறை தலைமுறையாக ஓஹையோ மண்ணை உழுத குடும்பத்துப் பிள்ளை. அமிஷ் என்கிற கிறிஸ்தவச் சமூகத்தை விட்டு வெளியேறுகிறவர்களுக்கு, அதிலும் ஸ்வார்ட்சென்ட்ரூபர் போன்ற மிகக் கறாரான பிரிவுகளில் பிறந்தவர்களுக்கு, முதல் தலைவலி இப்படித்தான் ஆரம்பிக்கும்.

குதிரை வண்டி, வைக்கோல் தொப்பி, தாடி உண்டு மீசை கிடையாது... இந்தப் படத்தை எங்கேயாவது பார்த்திருப்பீர்கள். மீசை ஏன் கூடாது தெரியுமா? அந்தக் கால ஐரோப்பாவில் அது பட்டாள அதிகாரிகளின் அடையாளம். இவர்களோ ஆயுதத்தையே தொடாதவர்கள். 1693இல் ஸ்விட்சர்லாந்து, அல்சாஸ் பக்கம் யாக்கோப் அம்மான் என்பவர் பின்னால் பிரிந்துபோய், 18ஆம் நூற்றாண்டில் அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்கள். 1900வாக்கில் சில ஆயிரம் பேர். இன்று சுமார் 4 லட்சம்! இருபது வருடத்துக்கு ஒருமுறை இரட்டிப்பாகிறார்கள். பிறக்கும் பிள்ளைகளில் ஏறத்தாழ 85 சதவீதம் உள்ளேயே தங்கிவிடுகிறது. மிச்சப் பிள்ளைகளின் கதைதான் இது.

சரி, கையில் காகிதம் ஏன் இல்லை? அதற்கு மூன்று குதிரைகளின் கதை தெரியவேண்டும். 1961 வசந்தகாலம். பென்சில்வேனியாவில் வாலன்டைன் பைலர் என்ற அமிஷ் விவசாயி உழுதுகொண்டிருக்கிறார். வரித்துறை ஆட்கள் வயலுக்குள்ளேயே வந்து, ஏரில் பூட்டியிருந்த குதிரைகளை அவிழ்த்துக்கொண்டு போய் ஏலத்தில் விட்டார்கள்! அவர் செய்த குற்றம், சோஷியல் செக்யூரிட்டி என்ற முதியோர் காப்பீட்டுக்கான வரியைக் கட்ட மறுத்தது. 'எங்கள் கிழவன் கிழவியைப் பார்த்துக்கொள்வது எங்கள் சபையின் வேலை, அதற்குச் சர்க்காரிடம் போய்க் காப்பீடு வாங்கமாட்டோம்' என்பது அவர்கள் கட்சி. உழவு நேரத்தில் குதிரையைப் பிடுங்கிய செய்தி பத்திரிகைகளில் வர, நாடே முகம் சுளித்தது. 1965இல் அமெரிக்க நாடாளுமன்றம் அமிஷ்காரர்களுக்கு அந்த வரியிலிருந்து விலக்கு கொடுத்தது.

பெரிய வெற்றிதான். ஆனால் வரியே இல்லாதபோது வரி எண் எதற்கு? பல குடும்பங்கள் பிள்ளைகளுக்கு சோஷியல் செக்யூரிட்டி எண்ணே வாங்குவதில்லை. ஆதாரும் பான் கார்டும் ஒன்றாகச் சேர்ந்தது மாதிரி அந்த எண். அது இல்லாமல் சம்பளத்துக்கு வேலை பார்ப்பதே பாடு. பன்னிரண்டு வயது தாண்டிய ஒருவர் முதல்முறையாக அதைக் கேட்டால் நேரில் போய் நிற்கவேண்டும், பிறப்புச் சான்றைக் காட்டவேண்டும். பிரசவமோ வீட்டில், மருத்துவச்சி கையில். சான்றிதழ் என்று ஒன்று இருந்தால் அது அப்பாவின் அலமாரியில் இருக்கும். ராத்திரியோடு ராத்திரியாகக் கிளம்பி வந்தவன், அதை எடுத்துத் தாருங்கள் என்று அதே வீட்டுக் கதவை எப்படித் தட்டுவான்? புகைப்படம் ஒட்டிய அடையாள அட்டையும் கிடையாது. உருவம் எதையும் உண்டாக்காதே என்பது பைபிள் கட்டளை ஆயிற்றே, படமே எடுத்திருக்கமாட்டார்கள்!

வெளியே வந்தவர்கள் செல்போனைப் பார்த்தால் பாவம் மிரண்டுபோவார்கள் என்று நினைக்கிறீர்களா? அது நம் அசட்டுத்தனம். லங்காஸ்டர் பக்கத்து அமிஷ் பட்டறைகளைப் பாருங்கள். மின்கம்பி மின்சாரம் கூடாது என்பதால், டீசல் இன்ஜினால் காற்றை அழுத்தி, குழாய் வழியாக அனுப்பி, துளைபோடும் இயந்திரத்தை ஓட்டுகிறார்கள். சமையலறையில் மிக்சிகூடக் காற்றில் சுற்றும்! இத்தனை மூளை இருப்பவர்களுக்கு ஒரு தொடுதிரை எம்மாத்திரம்? மரவேலையும் கூரைவேலையும் கைவந்த கலை என்பதால் கட்டட வேலை சுலபமாகக் கிடைத்துவிடும். சிக்கல் வேறு இடத்தில். உள்ளே இருந்தவரை ஆஸ்பத்திரிச் செலவு பெரிதாக வந்தால் சபை கூடிப் பணம் போடும். வெளியே வந்தால் காப்பீட்டுக் கம்பெனியின் நாற்பது பக்கத் தாளைத் தானே படித்துக் கையெழுத்துப் போடவேண்டும், அதுவும் இரண்டாவது மொழியில்.

ஆமாம், இரண்டாவது மொழியில்! அவர்கள் வீட்டில் பேசுவது பென்சில்வேனியா ஜெர்மன். பிரார்த்தனைக்கு லூத்தர் காலத்துப் பழைய ஜெர்மன். ஆங்கிலம் பள்ளிக்கூடம் போன பிறகுதான். அந்தப் பள்ளிக்கூடமும் எட்டாம் வகுப்போடு சரி.

எட்டோடு நிறுத்துவதற்குச் சட்டம் இடம் கொடுக்குமா? அமெரிக்க உச்சநீதிமன்றமே கொடுத்திருக்கிறது, 1972இல். விஸ்கான்சின் மாநிலத்தில் மூன்று அப்பாக்கள் எட்டுக்கு மேல் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்ப மறுத்தார்கள். ஆளுக்கு 5 டாலர் அபராதம். இந்த ஐந்து டாலர் வழக்குதான் டெல்லிக்குப் போவதுபோல் வாஷிங்டன் வரை போய், 'விஸ்கான்சின் எதிர் யோடர்' என்ற பெயரில் மதச் சுதந்திரத்தின் மைல்கல் ஆனது. நீதிபதி டக்ளஸ் ஒருவர் மட்டும் குறுக்கே ஒரு கேள்வி போட்டார்: பெற்றோரைக் கேட்டீர்கள், பிள்ளையைக் கேட்டீர்களா? வெளியேறியவர்கள் இன்றைக்கும் கேட்பது அந்தக் கேள்வியைத்தான். என்னைக் கேட்டால், அந்தத் தீர்ப்பிலேயே உருப்படியான வரி அதுதான்.

எட்டாம் வகுப்போடு வெளியே வந்து என்ன செய்யமுடியும் என்கிறீர்களா? டோரா பான்ட்ரேகர் பதினைந்து வயதில் வீட்டைவிட்டு ஓடியவர்; பின்னாளில் நியூயார்க்கின் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் பட்டம் வாங்கினார்! சலோமா ஃபர்லாங் கதை இன்னும் சுவாரசியம். 1977இல், இருபது வயதில், ஓஹையோவிலிருந்து கிளம்பி வெர்மான்ட் மாநிலத்துக்குப் போய்ச் சேர்ந்தார். சில மாதம்தான். ஒருநாள் வேன் நிறைய ஊர்க்காரர்கள் வந்து இறங்கி, அழைத்துக்கொண்டு போய்விட்டார்கள். குதிரை வண்டிக்காரர்களுக்கு வேன் ஏது என்று கேட்காதீர்கள். கார் வைத்துக்கொள்ளத்தான் கூடாது. வாடகை வண்டியில் ஏறிப் போகலாம்! மூன்று வருடம் போல உள்ளே இருந்துவிட்டு மறுபடி வெளியேறினார். ஐம்பதை ஒட்டிய வயதில் ஸ்மித் கல்லூரிப் பட்டதாரி.

ரும்ஸ்ப்ரிங்கா பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். பதினாறு வயதானதும் 'போய் ஆட்டம் போட்டுவிட்டு வா' என்று பெற்றோரே பிள்ளைகளை அவிழ்த்துவிடுவார்கள் என்று டிவிக்காரர்கள் கிளப்பிவிட்ட கதை. யாரும் யாரையும் அனுப்புவதில்லை. பெரும்பாலான பிள்ளைகளுக்கு அது ஞாயிறு சாயங்காலம் கூடிப் பாடுவதும், வரன் பார்த்துக்கொள்வதும்தான். உண்மையான விஷயம் ஞானஸ்நானம். இருபது வயதையொட்டி, சபை முன்னால் மண்டியிட்டு எடுக்கும் உறுதிமொழி. அதற்கு முன்பே கிளம்பினால் அம்மா அழுவாள், அப்பா பேசமாட்டார், அதோடு போயிற்று. எடுத்த பிறகு கிளம்பினால் சபை நீக்கம். ஞானஸ்நானம் வாங்காமல் கல்யாணமும் கிடையாது என்பதால், காதலுக்காக உறுதிமொழி எடுத்து, பிறகு மாட்டிக்கொண்டு முழித்தவர்களும் உண்டு.

நீக்கப்பட்டவர் வீட்டுக்கு வரலாம், பேசலாம். ஆனால் ஒரே மேஜையில் சாப்பிடக்கூடாது. அவர் ஓட்டும் காரில் ஏறக்கூடாது. அவர் கையிலிருந்து எதையும் நேராக வாங்கக்கூடாது. கீழே வைத்தால் எடுத்துக்கொள்ளலாம். பெற்ற மனம் இதற்கும் ஒரு வழி கண்டுபிடித்தது பாருங்கள்: சில வீடுகளில் இரண்டு மேஜையை நூலிழை இடைவெளி விட்டுப் போட்டு, மேலே ஒரே விரிப்பை விரித்துவிடுவார்கள்! கட்டுப்பாடும் காப்பாற்றப்பட்டது, பிள்ளையும் பக்கத்தில் உட்கார்ந்தாயிற்று. எல்லா வீட்டிலும் இந்த மனசு இருக்காது. தட்டோடு மூலையில் தனியாக உட்கார்ந்தவர்களும் ஏராளம்.

இந்த விலக்கை எதிர்த்து ஒருவர் கோர்ட்டுக்கே போனார். ஓஹையோவின் ஊஸ்டர் நகரம், 1947. ஆண்ட்ரூ யோடருக்குச் சீக்காளிப் பெண்குழந்தை. டாக்டரிடம் அடிக்கடி தூக்கிக்கொண்டு போகவேண்டும், குதிரை வண்டி சரிப்படவில்லை. காரை அனுமதிக்கும் இன்னொரு சபைக்கு மாறினார். பழைய சபை ஒதுக்கிவைத்தது. வழக்குப் போட்டார். எதிர்த்தரப்புப் பிஷப்பும் போதகர்களும் வக்கீலே வைத்துக்கொள்ளவில்லை! ஜூரிகள் 5,000 டாலர் நஷ்டஈடு கொடுக்கச் சொன்னார்கள். பணம் வந்தது. மேஜை அப்படியேதான் தனித்தனியாக இருந்தது.

கதவு ஒரேயடியாகச் சாத்தப்படுவதும் இல்லை. திரும்பிவந்து, மண்டியிட்டுத் தவறை ஒப்புக்கொண்டால் மறுபடி சேர்த்துக்கொள்வார்கள். அதற்குப் பிறகு பழசைக் கிளறுவது கூடாது. இது வரமா, கொக்கியா என்று சொல்வது கஷ்டம். அயோவாவில் பதினேழு வயது ஐரா வாக்லர் தலையணைக்கு அடியில் கடிதம் வைத்துவிட்டு நள்ளிரவில் நடையைக் கட்டினார். பிறகு திரும்பினார். மறுபடி போனார். மறுபடி திரும்பினார். ஒருவழியாக முற்றாக விட்டபோது வயது இருபத்தாறு! பின்னால் சட்டம் படித்தார்; 2011இல் வந்த அவருடைய வாழ்க்கைக் கதை நியூயார்க் டைம்ஸ் விற்பனைப் பட்டியலில் ஏறியது.

கடைசியாக ஒன்று. வெளியேறியவர்கள் எல்லோரும் ஜீன்ஸ் மாட்டிக்கொண்டு பெரிய நகரத்துக்கு ஓடுகிறார்கள் என்றுதானே நினைத்தீர்கள்? 2004இல் அமிஷ் இளைஞர்கள் ஐந்து பேரை ஹாலிவுட் மலைமேல் ஒரு பங்களாவில் தங்கவைத்து 'அமிஷ் இன் தி சிட்டி' என்று நிகழ்ச்சி நடத்தியவர்களும் அப்படித்தான் காட்டினார்கள். ஆனால் பலர் போய்ச் சேர்வது, கொஞ்சம் தளர்வான பக்கத்துத் தெரு பீச்சி அமிஷ் சபைக்கோ மெனனைட் சபைக்கோதான். அங்கே கார் உண்டு, மின்சாரம் உண்டு. தலைமுக்காடும் உண்டு, டிவி பெரும்பாலும் கிடையாது. மெனனைட்டுகளில் ஹார்னிங் பிரிவு என்று ஒன்று. கார் வாங்கச் சம்மதித்தார்கள், ஆனால் பளபளக்கும் குரோம் பம்பர் ஆடம்பரம் என்று அதன்மேல் கறுப்புப் பெயின்டை அடித்துத்தான் ரோட்டில் இறக்கினார்கள்!