திரை பழக்கிய மௌனம்

மேற்கே இந்து மாகடல்; கிழக்கே புத்தளம் களப்பு; இரண்டிற்கும் இடையிலே கற்பிட்டிக் குடாநாடு. நாட்டுக்கு மின்சாரம் வழங்கும் நுரைச்சோலை நிலக்கரி மின்னிலையம் இங்கேதான் இருக்கின்றது. 2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் கொரோனாத் தொற்றினால் பாடசாலைகள் மூடப்பட்டபோது, இதே கரையில் ஒரு கைத்தொலைபேசிக்காக மூன்று பிள்ளைகள் முறைவைத்துக் காத்திருந்த இல்லங்களை நான் கண்டேன்.

அம்மூடுதல் 2021லும் பல மாதங்கள் தொடர்ந்தது. 2022இன் நடுப்பகுதியில் எரிபொருட் பஞ்சம் மீண்டும் கதவடைத்தது. 2021ஆம் ஆண்டுக்குரிய சாதாரண தரப் பரீட்சை 2022 மே மாதத்திலேதான் தொடங்கிற்று. இடைக்காலத்தில் வாட்ஸப்பும் சூமுமே வகுப்பறைகளாயின.

பாடம் குறைந்ததைப் பலரும் பேசுகின்றனர். பழக்கம் மாறியதைப் பேசுவோர் சிலரே. சூம் வகுப்பிலே பிள்ளையின் பெயர் திரையில் இருக்கும். முகமும் குரலும் இரா. தரவுச் செலவைக் குறைப்பதற்கு அது வேண்டியதாகவும் இருந்தது. ஆயினும், பெயரளவில் அமர்ந்துகொண்டு மனத்தால் வேறெங்கோ உலவும் வழக்கத்தைச் சிறுவர் அங்கே கற்றனர். வாட்ஸப்பிலோ ஒருவன் எழுதிய விடையைப் பலர் படியெடுத்து அனுப்பினர்.

பாடசாலை திறந்தபின் அவ்வழக்கமும் கூடவே வந்தது. "விளங்கிற்றா?" என்று வினவினால் தலையசைப்பர்; ஐயம் கேளார். சிறு பிணக்கையும் பேசித் தீர்க்கத் தெரியாமல் கைகலந்தோர் உண்டு. இரவெல்லாம் தொலைபேசியில் விழித்திருந்து வகுப்பிலே உறங்கியோரும் உண்டு. வளர்ந்த பையன்களுட் சிலர் கரைவலை இழுக்கவும் வாடியிலே கருவாடு உலர்த்தவும் சென்றிருந்தனர். கூலி கண்ட கைக்குக் கொப்பி கசந்தது.

கருவி ஒன்றுதானா குற்றவாளி? அன்று. தொலைபேசியே இல்லாத வீட்டுப் பிள்ளையும் வாய்மூடியாகவே திரும்பினான். இருவர்க்கும் இழப்பு ஒன்றே. ஒத்த வயதினரோடு பேசி, சிரித்து, பிணங்கி, மீண்டும் இணங்கும் பயிற்சியை இருவரும் இழந்தனர். உலகெங்கும் ஏறத்தாழ 160 கோடி மாணாக்கரின் பாடசாலைகளும் கல்விக்கூடங்களும் 2020இல் மூடப்பட்டன என்றது யுனெஸ்கோ. ஆகவே இஃது எம் கரைக்கு மட்டும் உரிய துயரன்று.

2020இல் முதலாம் வகுப்பிற் சேர்ந்த குழந்தைகள் இன்று இடைநிலை வகுப்புகளுக்கு வந்துவிட்டனர். விடுபட்ட பாடங்களை ஈடுசெய்யவென்று அவர்களுடைய விளையாட்டு நேரத்தையும் மாணவர் மன்றத்தையும் பறித்தல் தகாது. கிழமைக்கு ஒரு பாடவேளையேனும் உரக்க வாசிக்கவும், நாடகம் நடிக்கவும், வினா எழுப்பவும் ஒதுக்குவோமாக. களப்பின் முகத்துவாரம் அடைபட்டால் நீர் கெடும் என்பதை மீனவர் நன்கறிவர். பிள்ளைகளின் வாயடைபட்டால் அறிவும் அவ்வாறே தேங்கிவிடும் என்பதை ஆசிரியராகிய நாம் மறத்தலாகாது.