அவெர்ஸா, அட்வெர்ஸா?

பிளேஸ்மென்ட்டுக்கு ரெடியாகும் ஜூனியர்ஸ், இதை ஒரு தடவை படிச்சிடுங்க.

ஒரு இன்டர்வியூவில் எச்.ஆர். என்னிடம், "வேற ஊருக்குப் போய் வேலை பார்ப்பீங்களா?" என்று கேட்டார். நானும் கெத்தா, "ஐ ஆம் நாட் அட்வெர்ஸ் டு ரீலொகேஷன், சார்" என்றேன். அவர் சிரித்துவிட்டு, "வெதர்தான் தம்பி அட்வெர்ஸா இருக்கும். நீங்க சொல்ல வந்தது அவெர்ஸ்" என்றார். எல்.கே.ஜி.யில் இருந்து இங்கிலீஷ் மீடியம் படிச்ச எனக்கு அசிங்கமாப் போச்சு.

ஹாஸ்டலுக்கு வந்து ரூம்மேட்டிடம் சொன்னேன். அவன் பிளஸ் டூ வரை தமிழ் மீடியம். "சரி, ரெண்டுக்கும் என்னடா வித்தியாசம்?" என்று கேட்டான். பதில் வரலை. அப்புறம்தான் டிக்‌ஷனரியைத் திறந்தேன்.

ரெண்டுமே ‘திருப்பு’ என்று பொருள் தரும் ஒரே லத்தீன் சொல்லில் இருந்து வந்தவை. நாம லேபில் பார்க்கிற இன்வெர்ட்டர், கன்வெர்ட்டர், ரிவர்ஸ் பயாஸ் எல்லாத்துக்கும் அதே வேர்தான். அவெர்ஸ் என்றால் ‘விலகித் திரும்பிய’. பிடிக்காததைப் பார்த்தா நாம முகத்தைத் திருப்பிக்கிறோம் இல்லையா, அதேதான். அட்வெர்ஸ் என்றால் ‘நம்மை நோக்கித் திரும்பிய’, அதாவது எதிர்த்து நிற்கிற.

அதனால் மனுஷனுக்கு அவெர்ஸ், சூழ்நிலைக்கு அட்வெர்ஸ். மாத்திரையால் வரும் கெட்ட விளைவு அட்வெர்ஸ் எஃபெக்ட். மாத்திரை போடவே பிடிக்காதவர் அதற்கு அவெர்ஸ்.

பயன்படுத்தும்போது மூணு விஷயம் ஞாபகம் வச்சுக்கோங்க.

ஒன்று, பின்னாடி ‘டு’ வரும். அதுக்கப்புறம் வினைச்சொல் வந்தா ‘இங்’ சேரணும்: "ஷி இஸ் அவெர்ஸ் டு டேக்கிங் லோன்ஸ்."

இரண்டு, இது ‘ஹேட்’ அளவுக்குச் சூடான வார்த்தை இல்லை. விருப்பமில்லாமல் ஒதுங்குவதைச் சொல்லும் கொஞ்சம் ஃபார்மலான சொல். மெஸ் உப்புமாவுக்குச் சொன்னா காமெடி ஆயிடும். ‘நாட் அவெர்ஸ்’ என்றால் ‘எனக்கு ஆட்சேபணை இல்லை’.

மூன்று, இன்னொரு சொல்லோடு சேர்ந்தும் வரும். சும்மா 500 ரூபாய் தரேன். இல்லன்னா காசு சுண்டலாம், தலை விழுந்தா 1000, பூ விழுந்தா ஒண்ணுமில்லை என்கிறேன். கணக்குப்படி ரெண்டுக்கும் சராசரி 500தான். ஆனாலும் நீங்க அந்த 500-ஐயே வாங்கிக்கிட்டா, நீங்க ரிஸ்க் அவெர்ஸ்.

அந்த வேலை எனக்குக் கிடைக்கலை. காரணம் இந்த வார்த்தை இல்லை, டேட்டாபேஸ் கேள்விகளுக்கு நான் சொன்ன பதில்கள். ஆனா ஒண்ணு புரிஞ்சது. இங்கிலீஷ் மீடியத்தில் படிச்ச நாங்க காதில் விழுந்த வார்த்தையை அப்படியே சொல்லப் பழகிட்டோம். அர்த்தம் கேட்க வெட்கம். என் ரூம்மேட் கேட்டான். கேட்டதால் இப்போ ரெண்டு பேருக்குமே தெரியும்.

நீங்களும் கேளுங்க. கேள்வி கேட்க மட்டும் அவெர்ஸா இருக்காதீங்க.