மக்கள் எழுதிய உடன்படிக்கைகள்

உடன்படிக்கை என்றவுடன், அரசாங்கங்கள் கையொப்பமிட்டு முத்திரை பொறித்த பத்திரமே நம் நினைவுக்கு வருகிறது. அரசாங்கத்தின் கையொப்பமே இல்லாத உடன்படிக்கையும் உண்டோ? உண்டாயின், அதனால் விளையும் பயன் யாது? இவ்வினாக்களுக்கு விடை காண, 1992-ஆம் ஆண்டு பிரேஸில் நாட்டில் நிகழ்ந்ததை நோக்குவோம்.

அவ்வாண்டு ஜூன் மாதம் ரியோ டி ஜெனீரோ நகரில், சுற்றுச்சூழலையும் வளர்ச்சியையும் பற்றி ஆராய ஐக்கிய நாடுகள் ஸ்தாபனம் ஒரு மகாநாடு கூட்டிற்று. 170-க்கும் மேற்பட்ட நாடுகளின் பிரதிநிதிகள் வந்திருந்தனர். அதே நாட்களில், நகரின் மற்றொரு புறத்தில், கடற்கரையை ஒட்டிய ஃபிளமெங்கோ பூங்காவில் வேறொரு கூட்டம் கூடியது. ஆசிரியர்கள், மாதர் அமைப்பினர், ஆதிகுடிகள், சூழல் காப்புச் சங்கத்தார் எனப் பல்லாயிரவர் அங்குக் கூடாரங்களில் அமர்ந்து விவாதித்தனர்.

மகாநாட்டு மண்டபத்தில் வேலை நடந்த முறையை முதலில் அறிதல் வேண்டும். ஒரு சொல்லை ஏதேனும் ஒரு நாடு ஏற்க மறுத்தால், அச்சொல் பகர அடைப்புக்குள் இடப்படும். அனைவரும் இசைந்த பின்னரே அடைப்பு நீங்கும். ஆதலின், மிகவும் தயங்கும் நாட்டின் நடைக்கு ஏற்பவே மற்ற நாடுகளும் நடக்க நேரிடுகிறது. 27 கோட்பாடுகள் கொண்ட ரியோ பிரகடனம் உருவாயிற்று. தட்பவெப்ப மாறுதல் பற்றிய உடன்படிக்கையும் கையொப்பத்திற்கு வைக்கப்பெற்றது. ஆயினும், கரிப்புகையைக் குறைப்பதற்குக் கட்டாயமான அளவோ கெடுவோ அதில் இல்லை. காடுகளைப் பொறுத்தமட்டில், எவரையும் சட்டத்தால் கட்டுப்படுத்தாத கோட்பாடுகளே மிஞ்சின.

பூங்காவில் கூடியோர் 30-க்கு மேற்பட்ட மாற்று உடன்படிக்கைகளை எழுதினர். ஏழை நாடுகளின் கடன் சுமை, வாணிகம், நன்னீர், மீன்வளம், நுகர்வு முறை, படைப்பெருக்கம் ஆகியன அவற்றின் பொருள்களுட் சில. மொழிபெயர்ப்பையே தொழிலாகக் கொண்டவன் கண்ணில் முதலில் படுவது அவற்றின் எழுவாய். அரசாங்கப் பத்திரத்தில் ‘நாடுகள் செய்தல் வேண்டும்’ என்று வரும். இவற்றிலோ ‘நாங்கள் செய்வோம்’ என்னும் உறுதிமொழியும் உடன் வருகிறது. சான்றாக, சுற்றுச்சூழல் கல்வி பற்றிய உடன்படிக்கை அரசாங்கங்களிடம் நிதி கோருவதோடு நிற்கவில்லை. கையொப்பமிடும் சங்கங்களும் தம் பொருளில் கணிசமான பங்கை அதற்கு ஒதுக்க வேண்டுமென விதிக்கிறது.

இத்தகைய பத்திரங்களுக்கு நீதிமன்றமும் இல்லை, கருவூலமும் இல்லை. ஆற்றில் கழிவைக் கொட்டும் ஆலையைத் தடுக்க அரசாங்கச் சட்டமே வேண்டும். எனினும், நாடுகள் முடிக்க இயலாததைப் பிறர் முடித்ததும் உண்டு. ரியோவில் ‘புவிச் சாசனம்’ ஒன்றை நிறைவேற்ற நாடுகளால் இயலவில்லை. அம்மகாநாட்டின் பொதுச் செயலாளராயிருந்த மாரிஸ் ஸ்டிராங்கும், மிகயீல் கோர்பச்சேவும் 1994-இல் அம்முயற்சியை மீண்டும் தொடங்கினர். பல நாட்டு மக்களின் கருத்தைக் கேட்டு எழுதப்பெற்ற அச்சாசனம், 16 கோட்பாடுகளுடன், 2000-ஆம் ஆண்டு ஜூன் 29-இல் ஹேக் நகரின் சமாதான மாளிகையில் வெளியிடப்பெற்றது. அதன் ஆணைக்குழுவில் நம் நாட்டின் கமலா சௌத்ரியும் இடம்பெற்றார். 2003-இல் யுனெஸ்கோ அதனை முக்கியமான அறநெறிச் சட்டகமாக ஏற்றது.

வெளி மாநிலங்களில் தமிழ்ச் சங்கம் நடத்தும் நமக்கு இதன் உட்பொருள் புதிதன்று. சங்க விதிகளை நாமே எழுதுகிறோம். காவலர் எவரும் வற்புறுத்தாமலே அவற்றுக்கு அடங்கி நடக்கிறோம். மக்கள் உடன்படிக்கையும் அத்தகையதே. அது சட்டத்திற்கு ஈடாகாது. ஆயின், சட்டம் எவ்வளவு தூரம் வந்துள்ளது, இன்னும் எவ்வளவு தூரம் செல்ல வேண்டும் என்று அளக்கும் கோலாகும். கையொப்பமிட்டவர் அக்கோலால் முதலில் தம் இல்லத்தையும் சங்கத்தையும் அளந்து பார்த்தல் வேண்டும். அப்போதுதான் அரசாங்கத்தை நோக்கி அவர் எழுப்பும் குரலுக்கு வலிமை பிறக்கும்.