எத்தனை கிலோ வெச்சா ஆபத்து?

ஃப்ரெண்ட்ஸ், ஒரு குட்டி க்விஸ்! குளோரின் 10 டன். அமோனியா 60 டன். மீத்தைல் ஐசோசயனேட் வெறும் 150 கிலோ. இந்த நம்பர்லாம் என்னன்னு கெஸ் பண்ணுங்க பார்ப்போம்.

விலைப்பட்டியலும் இல்லை, எக்ஸ்போர்ட் கணக்கும் இல்லை. இந்தக் கெமிக்கலை இந்த அளவு அல்லது அதுக்கு மேல வெச்சிருக்கிற ஃபேக்டரி, அரசாங்கத்துக்கிட்ட சொல்லியே ஆகணும்னு நம்ம நாட்டு விதிகள் போட்டிருக்கும் கோடு. இங்கிலீஷ்ல 'த்ரெஷோல்ட் குவான்டிட்டி'. தமிழில் வரம்பு அளவு. அபாயகரமான ரசாயனங்களுக்காக 1989-ல் வந்த விதிகளில் இதற்கென்றே நீளமாக ஒரு பட்டியல் இருக்கிறது.

இரண்டு மூட்டை அரிசி!

அதென்ன 150 கிலோ? 75 கிலோ அரிசி மூட்டை இரண்டு, அவ்வளவுதான். இவ்வளவு கம்மியா ஏன்? பதில், போபால். 1984 டிசம்பர் 2-ம் தேதி நள்ளிரவு, யூனியன் கார்பைடு ஆலையின் ஒரே டேங்கிலிருந்து சுமார் 40 டன் மீத்தைல் ஐசோசயனேட் வெளியேறியது. ஆயிரக்கணக்கானவர்கள் இறந்துபோனார்கள். இன்றைய வரம்போடு ஒப்பிட்டால் 260 மடங்குக்கும் மேல்!

ஐரோப்பாவில் 1982-ல் இதே கெமிக்கலுக்கு வைத்த வரம்பு 1 டன். 1987-ல் அதை 150 கிலோவாகக் குறைத்தார்கள். இரண்டு வருடம் கழித்து நம்ம விதிகளிலும் அதே 150 கிலோ. பட்டியலில் இருக்கும் சில எண்களுக்குப் பின்னால் ஒரு ஊரே இருக்கு பாஸ்.

கோடு போடுவது எப்படி?

விஷ வாயுவுக்கு முக்கியமாக இரண்டு கேள்விகள். ஒன்று, எவ்வளவு சுவாசித்தால் உயிருக்கு ஆபத்து? இரண்டு, டேங்க் உடைந்தால் எவ்வளவு வேகமாகக் காற்றில் கலக்கும்? கொடிய விஷம், சீக்கிரம் ஆவியாகும் என்றால் கோடு கிலோவில் இறங்கும். தீப்பற்றும் பொருள் என்றால் கேள்வியே வேற. வெடித்தால் அதிர்வு எவ்வளவு தூரம் போகும்? அமெரிக்காவின் சுற்றுச்சூழல் துறை, தன் பட்டியலில் உள்ள தீப்பற்றும் பொருட்களுக்கு மொத்தமாக 10,000 பவுண்ட் என்று வைத்தது. நம்ம வீட்டு 14.2 கிலோ சிலிண்டர் கணக்கில் பார்த்தால் சுமார் 320 சிலிண்டர்!

நம்ம ஊரில் இரண்டு கோடுகள். குளோரினை எடுத்துக்குங்க. 10 டன்னைத் தொட்டால் அதிகாரிகளுக்குத் தகவல், ஆலைக்குள் அவசரத் திட்டம், வெளியே இருக்கும் மக்களுக்கு மாவட்ட அளவில் இன்னொரு திட்டம் எல்லாம் கட்டாயம். 25 டன் என்றால் கூடவே முழு பாதுகாப்பு அறிக்கையும் வேணும்.

"சரி, 9 டன் 9 டன்னா பிரிச்சு வெச்சுட்டா?"ன்னு குறுக்குப் புத்தி ஓடுதா? அதுக்கும் செக் இருக்கு. ஒரே முதலாளியின் ஆலைகள் 500 மீட்டருக்குள் இருந்தால் எல்லாத்தையும் கூட்டித்தான் கணக்கு!

கோட்டுக்குக் கீழே சேஃபா?

இங்கதான் உஷாரா இருக்கணும். அதே குளோரினுக்கு அமெரிக்கச் சுற்றுச்சூழல் துறையின் கோடு 2,500 பவுண்ட். அதாவது சுமார் 1.1 டன். நமக்கு 10. குளோரின் அதே குளோரின்தான், நுரையீரலும் அதே நுரையீரல்தான். ஆக, 9 டன் பாதுகாப்பானது, 10 டன் ஆபத்தானது என்று யாரும் சொல்லவில்லை. எந்த அளவிலிருந்து கூடுதல் கண்காணிப்பு என்று ஒரு அரசாங்கம் எடுத்த முடிவுதான் அந்தக் கோடு. கோட்டுக்குக் கீழே இருந்தாலும் விபத்து வராமல் பார்த்துக்கொள்ளும் கடமை ஆலைக்கு உண்டு.

பட்டியலில் பேரே இல்லை என்றால்? 2013 ஏப்ரல் 17. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் வெஸ்ட் என்ற சின்ன ஊர். அங்கிருந்த உரக் கிடங்கு, தன் அமோனியாவுக்காக சுற்றுச்சூழல் துறையிடம் ஆபத்துத் திட்டம் கொடுத்திருந்தது. அந்த அமோனியா டேங்குகள் வெடிக்கவில்லை. வெடித்தது பக்கத்தில் இருந்த அம்மோனியம் நைட்ரேட். அந்தத் துறையின் பட்டியலில் அதற்கு இடமே இல்லை! 15 பேர் பலி. அதில் 12 பேர் தீயை அணைக்க, உதவி செய்ய ஓடியவர்கள்.

நீங்க என்ன பண்ணலாம்?

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூரில் கடலடிக் குழாயிலிருந்து அமோனியா கசிந்து, பக்கத்துக் குப்பத்து மக்கள் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். அந்த நேரத்தில் எந்தப் பக்கம் ஓடணும், எங்கே கூடணும் என்பதை முன்கூட்டியே சொல்லி வைப்பதுதான் மாவட்ட அவசரத் திட்டத்தின் வேலை. ஆலைக்கு வெளியே பாதிக்கப்படக்கூடிய மக்களுக்கு ஆபத்து என்ன, விபத்து நடந்தால் என்ன செய்யணும் என்று தெரிவிக்க வேண்டும் என்பதும் அதே 1989 விதிகளில் இருக்கிறது.

அடுத்த முறை இண்டஸ்ட்ரியல் விசிட் போனால், குரூப் போட்டோவுக்கு முன்னாடி மூணு கேள்வி கேளுங்க. இங்கே என்ன கெமிக்கல் இருக்கு? எத்தனை டன் இருக்கு? அது வெளியே வந்தா பக்கத்துத் தெருவுக்கு யார் சொல்வாங்க?

முதல் இரண்டுக்கும் டக்குனு பதில் வரலாம். மூணாவதுக்கு வர்ற பதிலைத்தான் கவனமா நோட் பண்ணிக்கணும்!